ஹிராதோவுக்குப் போன விசாரிப்பு

லாங்கன்தால்
26.11.2023

கோபிஷாவுக்கு அம்மம்மா எழுதுவது.

நீ இரண்டு தரம் போன் எடுத்ததாக உன் அம்மா சொன்னாள். எடுத்து என்ன பிரயோசனம்? இந்தப் புதுக் காதுக்கருவியில் குசினியில் கரண்டி விழுந்தால் இடி விழுகிற மாதிரிக் கேட்கிறது. மனிசர் கதைப்பது மட்டும் கேட்பதில்லை. ஆனபடியால் கடிதம் எழுது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இந்தச் சுவிஸ் பனிக்குள்ளால் உன்னை இழுத்துக்கொண்டு போனது நான். அந்த எழுத்து எனக்காவது உதவட்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் என் எழுத்தில் பிழை பிடிக்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை.

உன் தாத்தாவின் திவசத்தன்று நீ செய்தது சரியோ? படையல் இன்னும் எடுக்கவில்லை. காகத்துக்கு வைத்த சோறு பல்கனியில் அப்படியே கிடக்கிறது. நீ அந்த யப்பான் பொடியனையும் கூட்டிக்கொண்டு காலில் சப்பாத்தை மாட்டுகிறாய். உன் அப்பா இன்றுவரைக்கும் உன் பெயரைச் சொல்லவில்லை.

எல்லோருக்கும் எவர்சில்வர் பேணியில் கோப்பி, அவனுக்குப் பேப்பர் கப்பில் என்றுதானே கோபம்? மாடு தின்கிற வாய். அன்று விரதக்காரர் குடிக்கிற பேணி. கீழ்வீட்டு ஃபிறவ் கெல்லர் வந்தாலும் நான் பேப்பர் கப்பில்தான் கொடுக்கிறேன். அந்த மனுசி ஒரு நாளாவது முகம் கோணினவவோ? “டாங்கெ, டாங்கெ” என்று குடித்துவிட்டு, தானே கொண்டுபோய்க் குப்பையில் போடுவா.

மற்றது, பெரியம்மா அவன் மூக்கைப் பார்த்துச் “சப்பட்டை” என்று சொன்னாளாம், அதற்கு நீ பாய்ந்தாயாம். அவளுக்கு அந்தப் பேர்தானே தெரியும். வெள்ளையை வெள்ளை என்கிறோம், கறுவலைக் கறுவல் என்கிறோம். அவனுக்குத் தமிழ் தெரியுமோ, நோவதற்கு?

தைப்பொங்கலுக்கு வா. தனியே வா.

அம்மம்மா


லோசான்
09.12.2023

அன்புள்ள அம்மம்மா,

என் தமிழில் பிழை இருந்தால் திருத்தி வையுங்கோ. கோபத்தில் எழுதும்போது எனக்கு ற, ர இரண்டும் மாறிவிடும்.

அவருக்குப் பெயர் இருக்கிறது. தக்குமா. அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கண் தெரியும். அன்று திரும்பி வரும்போது பேர்னில் இரயில் மாறினோம். ஃபிறிபூர்க் தாண்டின பிறகுதான் பிரெஞ்சில் கேட்டார்: “அது உங்கள் வீட்டு முறையா, எனக்கு மட்டுமா?” பேணி போதவில்லை என்று நான் பொய் சொன்னேன். அவர் உங்கள் கண்ணாடி அலுமாரிக்கு நேர் எதிரில்தான் இருந்தவர். உள்ளே அடுக்கியிருந்த பேணி எல்லாவற்றையும் பார்த்திருப்பார். தலையாட்டினார். அவர் சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

தாத்தாவின் திவசத்துக்கு வர அவர் கறுப்புக் கோட்டு வாங்கினவர். இறந்தவர் வீட்டுக்குப் போகும்போது அவர்கள் ஊரில் அதுதான் மரியாதை. அன்றைக்கு நிலத்தில் காலை மடித்து, கடைசிவரைக்கும் அசையாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். ராசா மாமா பத்து நிமிசத்தில் கதிரை கேட்டார்.

அம்மம்மா, நாங்கள் கலியாணம் பதியப் போகிறோம். மார்ச் 22, வெள்ளிக்கிழமை, லோசான் பதிவு அலுவலகத்தில். ஆய்வுகூடத்தில் அவருடைய வேலை மார்ச்சோடு முடிகிறது, விசாவும் முடிகிறது. அதற்குள் பதியாவிட்டால் அவர் யப்பானுக்குத் திரும்பவேண்டும். பதிய இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற அபர்ணா, கோயம்புத்தூர்ப் பிள்ளை. மற்றவர் நீங்களாக இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அப்பா வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் வந்தால் எனக்கு வீடு வந்த மாதிரி.

வருசப் பிறப்புக்கு அவருடைய ஊருக்குப் போகிறேன். அவரையும் அப்பம்மாதான் வளர்த்தவ. பெயர் ஃபுமி. என்னைப் பார்க்கவேண்டும் என்று கேட்டிருக்கிறா.

கோபிஷா


லாங்கன்தால்
18.12.2023

பிள்ளைக்கு,

ஆறு இடத்தில் பிழை. திருத்தி வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுவேன்.

சாட்சிக் கையெழுத்துக் கேட்கிறாய். என் கையெழுத்து வடிவானது, பாங்கில் இருக்கிற பெட்டையே மெச்சினவள். ஆனால் தெரியாத ஆளுக்கு அதைப் போடமாட்டேன். சாட்சி என்றால் என்ன? இந்த மனிசனை எனக்குத் தெரியும் என்று சொல்வது. எனக்கு அவனைத் தெரியுமோ?

விசாரிக்காமல் பெண் கொடுத்த வீடு எங்களில் இல்லை. உன் அப்பாவை எடுக்கிறபோது அவையின் ஊருக்கு என் தமையனை அனுப்பினேன். அவர் போய் முதலில் சங்கக்கடை மனேச்சரிடம் கேட்டார். பிறகு தபால்காரனிடம் கேட்டார். தாய் எப்படி, தகப்பன் குடிப்பாரோ, வீட்டில் ஆருக்கும் மாறாத நோய் வருத்தம் உண்டோ, கலியாணம் ஆகாத குமர் உண்டோ, இருந்தால் ஏன் ஆகவில்லை, எல்லாம் கேட்டுத்தான் ஓம் சொன்னோம். உன் அப்பா கோபக்காரன் என்பதும் அப்போதே தெரியும். தெரிந்துதான் எடுத்தோம். அதனால்தான் உன் அம்மா இன்றைக்கும் அதிர்ச்சியில்லாமல் இருக்கிறாள்.

இவர்களை நான் ஆரிடம் விசாரிப்பது? யப்பானில் எனக்கு ஆர் இருக்கிறார்கள்? நீ போகிறாய்தானே, கண்ணைத் திறந்து பார். வீடு எப்படி, சனம் எப்படி, என்ன சாமி கும்பிடுகிறார்கள் என்று பார்த்து வந்து எழுது. குளிருக்குக் கம்பளிக் காலுறை அம்மாவிடம் கொடுத்து விட்டிருக்கிறேன். அவனுக்கும் ஒரு சோடி இருக்கிறது. அதற்காக ஓம் சொல்லிவிட்டேன் என்று நினையாதே.

அம்மம்மா


லோசான்
17.01.2024

அன்புள்ள அம்மம்மா,

இந்தப் பெட்டிக்குள் இருப்பது தக்குமாவின் ஊர் இனிப்பு. ஊரின் பேர் ஹிராதோ, கடலுக்குள் ஒரு தீவு. கேக்கை முட்டை மஞ்சளில் தோய்த்துச் சீனிப்பாகில் பொரிப்பார்கள். ஃபுமி ஆச்சி தன் கையால் கட்டித் தந்தவ. உங்களுக்கென்று சொல்லித்தான் தந்தவ.

இந்த மாதிரி இனிப்புக்கு அங்கே “நன்பான்” இனிப்பு என்று ஒரு பொதுப் பேர். தெற்கத்திக் காட்டுமிராண்டி இனிப்பு என்று அர்த்தம். நானூற்றைம்பது வருசத்துக்கு முதல் தெற்குக் கடலால் கப்பலில் வந்த போர்த்துக்கீசருக்கு அவர்கள் வைத்த பேர் அது. எங்கட ஆக்கள் பறங்கி என்றார்களே, அதே ஆக்கள். பறங்கி எங்கள் ஊருக்குப் போட்ட சாமானைத்தான் அவர்கள் ஊருக்கும் போட்டிருக்கிறான். அங்கேயும் பேக்கரிப் பாணுக்குப் பேர் “பான்”. கோப்பைக்குக் “கொப்பு”. பொத்தானுக்குப் “பொத்தான்”. நான் கடையில் நின்று சிரித்தேன், தக்குமா ஏன் என்று கேட்டார். பழைய சாமான் வைத்திருக்கிற நூதனசாலையில் அந்தக் காலத்து ஆக்கள் எழுதிவைத்ததை வாசித்துக் காட்டினார்: இந்தக் காட்டுமிராண்டிகள் கையால் சாப்பிடுகிறார்கள் என்று. அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கையைப் பார்த்தேன்.

வெளியாளுக்கு அவர்களிடம் நிறையச் சொல் இருக்கிறது அம்மம்மா. உடம்பு மயிரை வைத்து ஒரு சொல். வெள்ளைக்காரர் பழக்கம் கூடிப்போனவரைச் சொல்ல ஒன்று இருக்கிறது, “வெண்ணெய் மணக்கிறது” என்று அர்த்தம். தக்குமா சூப்புக் குடித்த விதத்தைப் பார்த்து ஃபுமி ஆச்சி அதைத்தான் சொன்னா. எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது, “உன்ர தமிழ் சீஸ் மணக்குது” என்று சொல்லுவீங்களே. என்னை றோட்டில் ஒரு சின்னப் பெட்டை “கைஜின்” என்று விரலால் காட்டினாள். வெளியாள் என்று அர்த்தம். ஃபுமி ஆச்சி அவளைக் கூப்பிட்டு ஏசினா. “கைஜின்-சான்” என்று மரியாதையாகச் சொல்லவேண்டுமாம்.

இன்னொன்றும் எழுதுகிறேன், கோபப்படாதேங்கோ. நூதனசாலையில் ஆறு மடிப்பு வைத்த பெரிய படத்தட்டி ஒன்று இருக்கிறது. பறங்கிக் கப்பல் வந்து இறங்குகிற படம். கப்பல் தலைவனுக்குப் பின்னால் ஒரு கறுத்த ஆள் வெறுங்காலோடு குடை பிடித்து நிற்கிறான். ஃபுமி ஆச்சி சந்தோசமாக என் கையைப் பிடித்து அவனைக் காட்டினா. “உங்கட ஊர் ஆள்” என்றா. அன்பாகத்தான் சொன்னா. நானும் அன்பாகத்தான் சிரித்தேன்.

வீட்டில் ஃபுமி ஆச்சியும், கலியாணம் கட்டாத ஒரு அத்தையும். என்ன சாமி என்று கேட்டீங்கள். இதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். முன்னறையில் எல்லா வீட்டையும் போலப் புத்தர் மாடம். ஆனால் உள்ளறையில் இன்னொன்று இருக்கிறது. பறங்கி விட்டுப்போன கிறிஸ்து வேதத்தை அரசன் தடை செய்தபிறகு, இருநூற்றைம்பது வருசம் ஒளித்துக் கும்பிட்ட குடும்பம் அது. வருசத்துக்கு ஒருதரம் அதிகாரி வீடு வீடாக விசாரிக்க வருவானாம். சாமிப்படத்தை நிலத்தில் போட்டு மிதிக்கச் சொல்வானாம். மிதித்துவிட்டு வந்து உள்ளறையில் அழுவார்களாம். காட்டுமிராண்டியின் வேதக்காரர் என்று பேர். இன்றைக்கு ஒருவரும் தடுப்பதில்லை, ஆனாலும் ஃபுமி ஆச்சி ஊருக்குச் சொல்வதில்லை. விடிய எழும்பிக் கதவைச் சாத்திவிட்டு, தன் பாட்டுக்கு முணுமுணுப்பா. எங்களுக்கே அர்த்தம் தெரியாது என்றார் தக்குமா. பறங்கி காலத்தில் எங்கட ஆக்கள் விரதச் சோறு சாப்பிட்ட இலையைக் கூரைக்குள் செருகி ஒளித்த கதை நீங்கள்தானே சொன்னீங்கள். அதனால் உங்களுக்கு விளங்கும் என்று எழுதுகிறேன். அவர் எனக்குச் சொன்ன ரகசியம் இது. ஒருவருக்கும் சொல்லாதேங்கோ.

மார்ச் 22. நினைவு வைத்திருங்கோ.

கோபிஷா


லாங்கன்தால்
28.01.2024

பிள்ளைக்கு,

இனிப்பு வந்தது. ஒன்று சாப்பிட்டேன். மற்றதெல்லாம் உன் அப்பா தின்றான், ஆர் அனுப்பினது என்று கேட்காமலே.

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். குடை பிடிக்கிறவன் எங்கட ஊர் ஆளாமோ? என் பேத்தி ஆருடைய குடையைப் பிடித்தாள்? லோசான் ஆஸ்பத்திரியில் வெள்ளை டொக்டர்மாரே உன்னைக் கேட்டுத்தான் ஊசி போடுகிறார்கள் என்று நான் இங்கே கோயிலில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். நீ சிரித்துக்கொண்டு நின்றாயாம். சிரிக்க என்ன இருக்கிறது? கையால் சாப்பிட்டால் காட்டுமிராண்டியோ? தடியால் கிண்டித் தின்கிறவர்கள் அதைச் சொல்லக் கூடாது.

நீ எழுதியதில் எனக்குப் பிடிபடாதவை இரண்டு. அந்த அத்தைக்கு ஏன் கலியாணம் ஆகவில்லை? சாமியை ஏன் இன்னும் ஒளிக்கவேண்டும்? தடை இல்லாவிட்டால் வெளியே வைக்கலாம்தானே. ஒளிக்கிறவர்கள் வேறு எதையும் ஒளிக்கமாட்டார்களோ?

ஆனபடியால் நான் செய்யவேண்டியதைச் செய்துவிட்டேன். இனிப்புப் பெட்டியில் கடை விலாசம் அச்சடித்திருந்தது. அதே தீவு. கடைக்காரனுக்கு ஊரில் தெரியாதது இருக்காது. ராசா தன் போனில் யப்பான் பாசைக்கு மாற்றி அச்சடித்துத் தந்தான். கடிதம் போய்விட்டது, கெதியாய்ப் போகிற ஏ தபாலில். பதில் நல்லதாக வந்தால் நான் மார்ச்சுக்கு வருவேன். சேலை கூட எடுத்து வைத்திருக்கிறேன்.

அம்மம்மா


லோசான்
02.02.2024

அம்மம்மா,

கடைக்காரருக்கு என்ன எழுதினீங்கள்? ஒரு வரி விடாமல் அப்படியே எழுதி அனுப்புங்கோ. உடனே. ராசா மாமா போன் எடுக்கிறாரில்லை.

உள்ளறையைப் பற்றி எழுதினீங்களா?

கோ.


லாங்கன்தால்
06.02.2024

பிள்ளைக்கு,

ராசாவை ஏசாதே, நான் சொன்னதைத்தான் அவன் அடித்தான். நான் எழுதியது இதுதான். ஒழுங்கான கடிதம், வேண்டுமென்றால் ஆருக்கும் காட்டு.

“மதிப்புக்குரிய கடை முதலாளி ஐயா, நான் சுவிசில் இருக்கிற இலங்கைத் தமிழ் மனுசி. உங்கள் இனிப்பு கிடைத்தது. நல்லது, சீனி கொஞ்சம் கூட. உங்கள் ஊர் ஃபுமி அம்மாவின் பேரன் தக்குமா என்ற பிள்ளைக்கு என் பேத்தியைக் கேட்கிறார்கள். நாங்கள் விசாரித்துத்தான் கொடுக்கிற ஆக்கள். அவர்கள் நல்ல குடியோ? ஊரில் மதிப்பு உண்டோ? அந்த வீட்டுக் குமருக்குக் கலியாணம் ஆகாததற்குக் காரணம் என்ன, உடம்பில் ஏதும் குறையோ? அவர்கள் உள்ளறையில் ஒளித்துக் கும்பிடுகிற சாமி என்ன சாமி? அது ஊருக்குத் தெரிந்ததோ, தெரியாததோ? உண்மையை எழுதவும். உங்கள் பெயர் வெளியே வராது.”

இதில் என்ன பிழை? உன் அப்பாவின் ஊரில் கேட்டதைவிடக் குறைவாகத்தான் கேட்டிருக்கிறேன்.

அம்மம்மா


லோசான்
25.02.2024

அம்மம்மா,

கடைக்காரர் உங்களுக்குப் பதில் எழுதமாட்டார். அவர் உங்கள் கடிதத்தைத் துணியில் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஃபுமி ஆச்சி வீட்டுக்குப் போனார். வாசலில் குனிந்து கும்பிட்டு, கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். கடையில் அவருடைய மனைவி வாசித்திருக்கிறா, மருமகள் வாசித்திருக்கிறா. அது போதும். சின்ன ஊர்.

அத்தைக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஐம்பது வருசத்துக்கு முதல் அவவுக்குக் கலியாணம் பேசி, நாளும் குறித்தவர்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஆளை அனுப்பி அயலில் விசாரித்தார்கள். ஆரோ சொல்லியிருக்கிறார்கள், அது ஒளித்துக் கும்பிடுகிற வீடு என்று. மாப்பிள்ளை வீட்டார் அதன்பிறகு வரவேயில்லை. அத்தை அன்றைக்கு மாடிக்குப் போனவ, இன்றுவரைக்கும் ஊருக்கு முன்னால் இறங்குவதில்லை. இது எனக்கும் தெரியாது. தக்குமா எனக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒரே விசயம் அதுதான். இப்போது உங்கள் கடிதம் அதே கேள்வியோடு அதே வாசலுக்குப் போயிருக்கிறது.

அவர் என்மேல் கத்தவில்லை. “நான் உன்னிடம் சொன்னது எப்படி அங்கே போனது?” என்று மட்டும் கேட்டார். அம்மம்மாவுக்கு மட்டும்தான் சொன்னேன் என்றேன். சொல்லும்போதே அந்த “மட்டும்” எவ்வளவு பெரியது என்று எனக்கு விளங்கியது. அடுத்த நாள் அவர் ஊருக்குப் போய்விட்டார். 22ஆம் திகதிக்கு முன் வருவேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஞாபகம் இருக்கிறதா, நான் நாலாம் வகுப்பில், நாங்கள் அந்தக் கிராமத்தில் இருந்தபோது? நீங்கள் சுவிஸ் பிரஜாவுரிமைக்கு எழுதினீங்கள். ஊர்க் கெமைண்ட அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து மேல்மாடி மனுசியிடம் விசாரித்தார்கள். எப்படிப்பட்ட ஆக்கள், படிக்கட்டில் கறி மணக்குமோ, சப்பாத்து வெளியில் கிடக்குமோ, ஆர் ஆர் வந்து போகிறார்கள் என்று. நீங்கள் எங்கள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டீங்கள். அப்போது உங்களுக்குக் காது நன்றாகக் கேட்கும். உள்ளே வந்து என்னிடம் சொன்னீங்கள், “என்னைப் பற்றி என்னட்டைக் கேக்கட்டும், அவளிட்டை என்ன கேள்வி?” என்று. அடுத்த நாளே விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்தீங்கள். அதன்பிறகு அந்த மனுசியின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஃபுமி ஆச்சியும் அப்படித்தான் கேட்பா.

ஒன்று செய்யுங்கோ. உங்கள் கையால் அவவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதுங்கோ. இரண்டு வரி போதும். தமிழிலேயே எழுதுங்கோ, நான் பிரெஞ்சுக்கு மாற்றித் தக்குமாவுக்கு அனுப்புகிறேன், போன் வேண்டாம்.

கோபிஷா


லாங்கன்தால்
04.03.2024

பிள்ளைக்கு,

அந்த மேல்மாடிக்காரியோடு என்னை ஒப்பிட்டுவிட்டாய். உன்னைத் தூக்கி வளர்த்த எனக்கு இது வேண்டும்.

அவர்கள் என்னைத் துரத்த விசாரித்தார்கள். நான் உன்னைக் கொடுக்க விசாரித்தேன். இரண்டும் ஒன்றோ? எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆனால் அந்த அத்தையின் கதையை வாசித்த நாளிலிருந்து சோறு இறங்குதில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். உன் அம்மா டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். வயிற்றில் ஒன்றுமில்லை என்றான் அவன்.

நீ கேட்டதை எழுத இருந்தேன். கடதாசி எடுத்தேன், பேனை எடுத்தேன். அந்தச் சொல் வரவில்லை. எழுபத்தெட்டு வயது வரைக்கும் நான் அதை ஒருவருக்கும் சொன்னதில்லை, உன் தாத்தாவுக்கும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. முகம் தெரியாத ஒருத்திக்கு, அதுவும் என் பிள்ளையைக் குடைக்காரன் பக்கத்தில் நிற்பாட்டினவளுக்கு எப்படி எழுதுவது?

வேறு ஒன்று செய்கிறேன். 22ஆம் திகதி நான் வருகிறேன். உன் அப்பாவிடம் கேட்கமாட்டேன், சொல்லவும் மாட்டேன். தெரியாத ஆளுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுதினேன்தானே. போடுகிறேன். அந்தப் பிள்ளை வந்து நிற்கட்டும், அவன் பக்கத்தில் நின்று போடுகிறேன். அதைவிட வேறு என்ன சொல்ல இருக்கிறது?

அம்மம்மா


லோசான்
20.03.2024

அம்மம்மா,

வெள்ளிக்கிழமை நீங்கள் வரத் தேவையில்லை. நான் திகதியைக் கைவிட்டுவிட்டேன். தக்குமா வரமாட்டார்.

அவர் கோபத்தில் இல்லை. போனில் நன்றாகத்தான் கதைக்கிறார். என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறார். ஆனால் அங்கே ஒன்று நடந்திருக்கிறது. ஃபுமி ஆச்சி உள்ளறைக்குப் போவதை நிறுத்திவிட்டா. கதவைச் சாத்தி, அதற்கு முன்னால் உடுப்புப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டா. விடியற்காலையில் எழும்புகிறா, முன்னறையில் சும்மா இருக்கிறா. “ஏன் கும்பிடுவதில்லை?” என்று அவர் கேட்டதற்கு, “விசாரிக்க வந்துவிட்டார்கள்” என்று மட்டும் சொன்னாவாம். அவர் சொன்னார், அரசனின் அதிகாரிகள் வருசா வருசம் வந்து நின்றும் நிற்காத கும்பிடு அது. உங்கள் கடிதத்தோடு நின்றுவிட்டது.

அவவை அப்படியே விட்டுவிட்டு அவரால் வர முடியாது. என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நான் போனால் அந்த வீட்டில் எந்த முகத்தோடு இருப்பேன்? அவவுடைய ரகசியத்தை வெளியே கொண்டுவந்தவள் நான். நீங்கள் தபாலில் போட்டீங்கள், அவ்வளவுதான்.

உங்கள் கையெழுத்தை நான் கேட்கவில்லை, அம்மம்மா. இரண்டு வரி கேட்டேன்.

கொஞ்ச நாளைக்கு எழுதாதேங்கோ.

கோபிஷா


லாங்கன்தால்
27.03.2024

கோபிஷாவுக்கு,

எழுதவேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். இதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன்.

நீ கடிதத்தை ஆறுதலாய் வருகிற பி தபாலில் போட்டிருக்கிறாய். திங்கட்கிழமைதான் வந்தது. ஆனபடியால் நான் வெள்ளிக்கிழமை வந்தேன்.

உன் அப்பா வேலைக்குப் போனபிறகு வெளிக்கிட்டேன். பேர்னில் மாறினேன். ஒரு சுரங்கம் முடிந்ததும் சட்டென்று கீழே ஏரி வந்தது, பயந்துவிட்டேன். பதிவு அலுவலகத்தை ஒரு பஸ்காரன் காட்டிவிட்டான். மேல்மாடியில் கதிரை போட்ட அறை. ஒரு வெள்ளைச் சோடி வந்தது, பூவோடு ஒரு கூட்டம் வந்தது, அரிசி எறிந்தார்கள், எங்கள் மாதிரி. என் சேலையைப் பார்த்து ஒரு பிள்ளை என்னோடு நின்று படம் எடுத்தாள். தங்களுடைய கலியாணத்துக்கு வந்த ஆளென்று நினைத்தாளோ தெரியாது. மேசையில் இருந்த மனுசி வந்து வந்து ஏதோ கேட்டா. பிரெஞ்சும் விளங்கவில்லை, காதும் கேட்கவில்லை. உன் பெயரை எழுதிக் காட்டினேன். அவ கணினியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, தலையை இல்லை என்று ஆட்டினா. பிறகு எனக்கு ஒரு கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டா. அவர்கள் கதவு பூட்டும்வரை இருந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. வந்து என்ன சொல்வது?

திரும்பி வந்து ஐந்து நாளாயிற்று. உன் அப்பாவுக்கு நானே சொன்னேன், எங்கே போனேன் என்று. அவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றான்.

நீ கேட்டது இரண்டு வரி. எனக்கு இரண்டு வரியில் வரவில்லை. அந்தச் சொல்லும் இதில் இல்லை, தேடாதே, என் கைக்கு அது எழுத வருகுதில்லை. வந்ததை எழுதியிருக்கிறேன். மாற்றி அனுப்புவதும் கிழிப்பதும் உன் விருப்பம். ராசாவிடம் கொடுக்கமாட்டேன்.

*

ஹிராதோவில் இருக்கிற ஃபுமி அம்மாவுக்கு,

நான் கோபிஷாவின் அம்மம்மா யோகாம்பாள். கடைக்குக் கடிதம் எழுதியது நான். பேத்திக்கு அது தெரியாது. உங்கள் பேரனுக்கும் தெரியாது. அவர்கள் இரண்டு பேரும் குற்றமில்லாத பிள்ளைகள்.

உங்களைப் பற்றி உங்களிடம் கேட்காமல் ஊரிடம் கேட்டேன். உங்கள் மகளைப் பற்றியும் கேட்டேன். அதைக் கேட்க எனக்கு ஒரு உரிமையும் இல்லை.

நான் அரச ஆள் இல்லை. என்னை ஒருவரும் அனுப்பவில்லை. நான் இங்கே ஒரு மாடி வீட்டில் இருக்கிற கிழவி, எனக்குக் காது கேட்காது. என் கேள்விக்குப் பயந்து நீங்கள் நிறுத்தவேண்டாம். கதவுக்கு முன்னால் இருக்கிற பெட்டியை எடுத்துவிடுங்கோ. நீங்கள் என்ன சாமி கும்பிட்டாலும் எனக்கு இனித் தெரியத் தேவையில்லை.

யோகாம்பாள்